முப்பத்தாறாவது படம்

அந்த ஃபிலிமை இனி உலகத்தில் யாரும் கழுவ மாட்டார்கள் என்ற கடிதம் வந்த அன்று, ஸ்லைடுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் விழுந்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. புகைப்படக்காரர் சங்கத்தில் இதைச் சொன்னவர்கள் ஏழு பேர். பார்த்தவர் ஒருவரும் இல்லை.

விசாரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு விமரிசையாக இல்லை. அவர் விழவில்லை, உட்கார்ந்தார். காய்கறிப் பெட்டி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருக்கிறது. அதைத் திறக்க மன்னாதி மன்னனும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நெஞ்சைப் பிடித்ததும் உண்மையல்ல. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். இதற்கெல்லாம் சாட்சி அவருடைய மனைவி. “விழுந்திருந்தா தூக்கியிருக்க மாட்டேனா? காய் எடுக்கணும், கொஞ்சம் நகருங்கன்னுதான் சொன்னேன்” என்றார் அந்த அம்மாள்.

காய்கறிப் பெட்டியில் கேரட்டுக்குப் பக்கத்தில் பதினொரு ரோல்கள் இருந்தன. தயாரிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று பல வருடங்களுக்கு முன் தெரிந்தபோதே அவர் வாங்கிப் பதுக்கியவை. மற்ற ஃபிலிமைத் தெருமுனை ஸ்டூடியோவில்கூடக் கழுவிக்கொள்ளலாம். இந்த ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் தனி மருந்து, தனி இயந்திரம், தனிப் பக்குவம். அதைச் செய்ய மிஞ்சியிருந்தது கடல் தாண்டி ஒரே ஒரு லேப். அந்த லேப்தான் இப்போது கடிதம் போட்டிருந்தது: மாதக் கடைசிக்குள் வந்து சேர்வதைக் கழுவித் தருவோம், அதற்குப் பிறகு மன்னிக்கவும்.

ஸ்லைடுக்காரர் பிழைப்புக்குக் கல்யாணம், காதுவலி டாக்டரின் கிளினிக் திறப்பு என்று எதையும் எடுப்பார். அதற்கெல்லாம் சாதாரண ஃபிலிம், பிறகு டிஜிட்டல். இந்த ஃபிலிம் கலைக்கு மட்டும். மகள் பிறந்ததும், அவள் நடந்ததும், பட்டம் வாங்கியதும் அந்தத் தகுதியை எட்டவில்லை. ஒரு சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது எட்டியது.

சங்கத்தில் எல்லாருமே இந்த ஜாதிதான். வருடக்கணக்கில் ஃபிலிமை அடைகாத்தவர்கள், கடிதம் வந்ததும் ஒரே வாரத்தில் எதையாவது எடுத்துத் தீர்க்கக் கிளம்பினார்கள். சங்கம் ஒரே பார்சலாக அனுப்பும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கட்டிவிடுவோம் என்று செயலாளர் அறிவித்திருந்தார். திங்கட்கிழமை காலை பூங்கா பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஒன்பது பேர் சுற்றி நின்று எடுத்தார்கள். தன்மேல் ஏதோ வழக்கு இருக்கிறது என்று நினைத்து அவர் பேப்பரை மடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். பிறகு எடுக்க ஆள் இல்லாமல் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்லைடுக்காரருக்குப் பதினொன்றும் பெரிய கவலையில்லை. பன்னிரண்டாவது ஒன்று இருந்தது. அது கேமராவுக்குள் எட்டு வருடமாகக் கிடந்தது. மொத்தம் முப்பத்தாறு படம், முப்பத்தைந்து எடுத்தாகிவிட்டது. அந்த முப்பத்தைந்தாவதில் அவருடைய மாமனார் இருந்தார்.

மாமனார் கலைக்காக வரவில்லை. பென்ஷன் ஆபீசுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும், ரெண்டு காப்பி போதும் மாப்பிள்ளை என்று கேட்டுத்தான் வந்தார். அன்றைக்கென்று ஜன்னலில் அப்படி ஒரு வெளிச்சம். மாப்பிள்ளை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி நகர்த்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை அழுத்தினார். பிறகு அந்த ரோலில் மிச்சமிருந்த ஒற்றைப் படத்துக்குத் தகுதியான விஷயம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார். மாமனார் இரண்டு வாரம் காத்திருந்தார். அதற்கு மேல் பென்ஷன் ஆபீஸ் காத்திருக்கவில்லை. மறுவருடம் மாமனாரும் போய்விட்டார்.

கேமராவைக் கண்டால் விலகிப் போகும் மனிதர் அவர். கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடியிருக்கிறார். மற்ற படங்களில் யாருடைய தோளுக்குப் பின்னாலோ பாதி நெற்றியாக இருக்கிறார். அப்பாவின் முகம் என்று ஸ்லைடுக்காரரின் மனைவிக்கு மிச்சமிருந்தது அந்த முப்பத்தைந்தாவது படம்தான். வருடத்துக்கு ஒரு தடவை, அப்பா போன நாளில், அதைக் கழுவக் கூடாதா என்று கேட்பார். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே என்பார் இவர். ஒரு படத்தை வீணாக்கிவிட்டு ரோலைச் சுற்றி எடுப்பதென்பது இவர்கள் கூட்டத்தில் கொலைக்கு ஒரு படி கீழே.

இப்போது நாலு நாள் இருந்தது. திங்கள் சாயங்காலம் சூரியன் ஒத்துழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பாலத்தின் மேல் எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரு குப்பை வண்டி குறுக்கே நின்றது. புதன்கிழமை தெருமுனை ஸ்டூடியோக்காரர் வழிமறித்தார். ஐந்து நிமிடத்தில் பாஸ்போர்ட் படம் என்று போர்டு வைத்திருப்பதால் அவருக்கு ‘பாஸ்போர்ட்’ என்றே பெயர். சங்கத்தில் அவரைச் சேர்க்கவில்லை.

“அண்ணே, ஒண்ணுதானே பாக்கி? என்னைய எடுத்துருங்க. ஊர்ல எல்லாரையும் நான்தான் எடுக்கறேன், என்னை எடுக்க ஆளில்ல.”

ஸ்லைடுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகத்தில் நிழலே விழ மாட்டேங்குதேப்பா என்று சொல்லி நடந்தார். வியாழக்கிழமை மழை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் சாப்பாட்டு மேஜை முன்னால் நின்று, கேமராவை நடுவில் வைத்து, பேசிக்கொண்டிருந்தார். இது வெறும் படமில்லை, ஒரு சகாப்தத்தின் கடைசிச் சொல். நாளை வரலாறு இந்த ஒரு ஃப்ரேமை வைத்துத்தான் நம்மை எடைபோடும். எனவே அவசரப்படுவது என்ற பேச்சுக்கே… மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார், கணவர் முகத்துக்கு நேரே பிடித்தார், அழுத்தினார்.

“முடிஞ்சுது. சுத்தி வெளிய எடுங்க.”

வரலாறு கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு, “ஃபோகஸ் பாத்தியா?” என்று கேட்டது.

“உள்ள எங்கப்பா இருக்காரு. உங்க ஃபோகஸ் எனக்கு எதுக்கு?”

பார்சல் கட்டும்போது நாலு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. பதினொரு ரோலும் சீல் உடையாமல் காய்கறிப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. கடைசிவரை களங்கப்படவில்லை என்று அவர் அதையும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து சின்னப் பெட்டி ஒன்று வந்தது. விளக்குப் பலகைமேல் ஒவ்வொரு ஸ்லைடாக வைத்தார். ஜன்னல் கம்பி. உரிந்த சுவர். இன்னொரு பக்கத்திலிருந்து அதே உரிந்த சுவர். முப்பத்தைந்தாவது வந்ததும் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். ஜன்னலிலிருந்து சரிந்து, காற்றில் மிதக்கும் தூசியை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, நாற்காலியின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்திருந்தது. இடது ஓரத்துக் கும்மிருட்டில் ஒரு காது இருந்தது.

“என்ன லைட்டு பாத்தியா” என்றார் ஸ்லைடுக்காரர். சொல்லியிருக்க வேண்டாம்.

மனைவி வெகுநேரம் பார்த்தார். “காது அப்பாவுதுதான்” என்றார்.

முப்பத்தாறாவதில் ஸ்லைடுக்காரர் இருந்தார். திறந்த வாய், உயர்ந்த விரல், மூக்கு மயிர் உட்படத் துல்லியம். ஃபோகஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மனைவி நிமிர்ந்தார். அப்பா பென்ஷன் ஆபீசுக்குக் கடைசியில் ஒரு படம் கொடுத்தாரே, அது எங்கே எடுத்தது என்று கேட்டார். ஸ்லைடுக்காரர் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். அவருக்குத் தெரியும். தெருமுனையில் எடுத்தது. தெரிந்த அன்றிலிருந்து ஒரு மாதம் மாமனாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “அதெல்லாம் ஒரு படமா…” என்று தொடங்கினார்.

“எட்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?”

அவர் மூடியை மறுபடி சரிசெய்வதற்குள், “செருப்பைப் போடுங்க” என்றார் மனைவி.

பாஸ்போர்ட் ஒரு படத்தையும் அழிப்பதில்லை. கம்ப்யூட்டரில் வருடம், மாதம், தேதி வாரியாக முகங்களை அடுக்கி வைத்திருந்தார். தேடியெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீலப் பின்னணி, நேர்ப் பார்வை, இரண்டு காதுகள், திறந்த கண். உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று மனைவி கேட்டார்.

“அஞ்சு நிமிஷத்துல விட்டுருவியா, இல்ல உனக்கும் ஒரு மணி நேரம் மூச்சு விடாம உக்காரணுமான்னு கேட்டாரும்மா. கேட்டுட்டு அவரே சிரிச்சாரு. அப்ப அழுத்தினேன்.”

மனைவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸ்லைடுக்காரர், லைட்டிங் தட்டையாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல கருத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பெரிய சைஸில் போட்டுக் கொடுத்த பாஸ்போர்ட், காசு வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஃபிலிமில் தன்னை ஒரே ஒரு படம் எடுத்தால் போதும்.

“இனிமே அதைக் கழுவ முடியாதேப்பா.”

“கழுவவே வேணாண்ணே. எடுங்க, அது போதும்.”

சரி என்று ஸ்லைடுக்காரர் தலையாட்டினார். மாமனார் இப்போது கூடத்தில், ஃப்ரிட்ஜுக்கு எதிர்ச் சுவரில், பெரிதாகச் சிரிக்கிறார். பதினொரு ரோலும் கேரட்டுக்குப் பக்கத்தில் குளிர்ந்து கிடக்கின்றன. ஸ்லைடுக்காரர் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் பாஸ்போர்ட் சட்டைக் காலரை இழுத்துவிட்டு, தலையை ஒரு தடவை சீவிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். இவர் நின்று, வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்னிக்கு லைட்டு சரியில்லையேப்பா என்று சொல்லிவிட்டுப் போகிறார்.