கூடைக் கயிற்றில் தொங்கிய துப்பாக்கி

எங்கள் தோட்ட உத்தியோகத்தர்களின் ஸ்டாப் கிளப்பின் சுடும் கொட்டகையில், கூரையின் வலது பக்கத்திலிருந்து மூன்றாவது தகரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் போட்டவன் நான். துருப்பிடித்த தகரம்தான், இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். காற்றுத் துப்பாக்கியை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும்போதே என் ஆள்காட்டி விரல் விசையில் பட்டுவிட்டது. மூட்டுவாதம் வந்த விரல். சத்தம் கேட்ட பிறகுதான் விரல் அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்தது.

நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம். மனைவி போய் நான்கு வருடம். மகள் மொனராகலையில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நான் பேசுவதை நான் மட்டும்தான் கேட்கிறேன். சனிக்கிழமை காலையில் அறுபத்து நான்கு படி ஏறி கிளப்புக்குப் போனால் என்னைப் போல ஓய்வு பெற்ற ஐந்து பேர் இருப்பார்கள். ஆளுக்குப் பத்துச் சன்னம் என்கிற சின்ன ஈயக் குண்டு, முப்பத்து மூன்று அடி தூரத்தில் ஒரு தாள், தாளில் வட்டங்கள். முழுப் புள்ளி நூறு. நான் ஒருமுறை தொண்ணூற்றொன்று எடுத்திருக்கிறேன்.

துப்பாக்கிக்குப் பொறுப்பு, தோட்டத்துத் தொழிற்சாலையை நடத்திய எங்கள் பழைய டீமேக்கர். தொழிற்சாலையில் தேயிலை அரைபடும் சத்தத்தை வைத்தே எந்த இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷன். தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேலதானே போச்சு," என்றேன்.

"இன்னைக்கு மேல போச்சு கிளாக்கர்."

அவர் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "நாலு சனிக்கிழமை டைம் தர்றேன். நாலாவது வாரம் பத்துக் குண்டும் ஒண்ணுகூடத் தவறாம சுட்டுக் காட்டுங்க. முடியலைன்னா நீங்க உக்காந்து எங்களுக்கெல்லாம் புள்ளி எழுதுங்க."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததை எழுதிக்கொண்டிருந்தவன் நான். சனிக்கிழமையிலும் அதையே செய்யச் சொன்னதுதான் உறைத்தது. அவர் சொன்னது நியாயம் என்பது அதைவிட உறைத்தது.

பதுளையில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கிள்ளிப் பிடிக்கிற வேலையையும் இறுக்கிப் பிடிக்கிற வேலையையும் விரல்களுக்குக் கொடுக்காதீர்கள், முழங்கை, தோள் போன்ற பெரிய மூட்டுகளுக்குக் கொடுங்கள், தொடங்கும் முன் கையைச் சூடாக்குங்கள் என்றார். வீட்டுக்கு வந்து ஒரு குண்டு சுட விரல்களுக்கு எத்தனை வேலை என்று எழுதிப் பார்த்தேன். ஏழு வந்தது. ஏழில் எனக்கு ஒழுங்காக முடிந்தது இரண்டு.

சன்னத்தை எடுப்பது முதல் தொல்லை. மிளகளவுதான் இருக்கும்; பத்தில் நான்கு தரையில் விழும். அதன் பின்பக்கம் குழிவாக இருப்பதால் ஈர்க்குச்சி ஒன்றின் நுனியில் மெழுகு தடவி அந்தக் குழியில் வைத்து அழுத்தினேன், ஒட்டிக்கொண்டது. குச்சியின் மறுமுனையை ஒரு ரப்பர் பந்தில் குத்தி, பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். குழலை மடக்கிக் காற்றை ஏற்றுவது அடுத்த தொல்லை. அதற்கு டீமேக்கரே பள்ளம் வெட்டிய ஒரு கட்டையைச் செய்து மேசையில் ஆணி அறைந்து தந்தார். துப்பாக்கியை அதில் பொருத்தி, முன்னங்கையால் அமுக்கினால் குழல் மடங்கும். எனக்குக் கெடு வைத்த மனுஷனே இரண்டு நாள் உளி பிடித்திருக்கிறார். நன்றி சொன்னதற்கு, "கட்டை கோணலா இருக்கு, பேசாம இருங்க" என்றார். விசைக்கு ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு, வீங்காத நடுவிரலைப் பழக்கினேன்.

பாரம் மட்டும் தீரவில்லை. துப்பாக்கி மூன்று கிலோ. மணல் பையை வைத்தோம். அது குழலைத்தான் தாங்கியது. தோளில் பதிகிற கட்டைப் பக்கத்தை வலது கைதான் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடி இறுகும்போது விசையில் இருந்த விரலும் தானாக இறுகியது. இரண்டாவது சனிக்கிழமை சன்னம் போடாமல் இருபது முறை ஒத்திகை பார்த்தேன். ஆறு முறை விரல் என்னைக் கேட்காமல் அழுத்தியது. இனி புள்ளி எழுத வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் கிளப்பில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிற அம்மா முன்பு அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவருடைய கொழுந்தை நான் தராசில் நிறுத்திருக்கிறேன். அன்றைக்குக் கிளாஸ்களை வைத்துவிட்டுப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அது என்ன கைப்புள்ளையா, அப்பிடி அணைச்சுப் புடிக்கிறீங்க?"

"பாரமா இருக்கும்மா. மூணு கிலோ."

"மூணு கிலோவா? ஈரத்துக்குக் கழிச்சீங்களா?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். மழை நாளில் கொழுந்திலிருக்கும் தண்ணீருக்கென்று கூடைக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ கழித்து எழுதிய கை இதே கைதான். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "பாரத்தை எதுக்குக் கைக்குக் குடுக்குறீங்க? நாங்க இருவது கிலோவைக் கையிலயா தூக்குனோம்? கயித்தைத் தலையில மாட்டிட்டுக் கையைச் சும்மா விட்டாத்தான் கொழுந்து ஆயலாம்."

"அப்ப கிளாக்கர் தலையிலதான் துப்பாக்கியைக் கட்டணும்," என்றார் டீமேக்கர்.

"அந்தத் தலை வேணாங்க. அதுல கணக்கு நெறஞ்சு கெடக்கு. உத்தரத்துல கட்டுங்க."

முப்பத்தாறு வருடம், நாளுக்கு மூன்று நிறுவை. எத்தனை ஆயிரம் கூடைகளை நிறுத்திருப்பேன் என்று கணக்குப் போட முடியும், போட்டும் பார்த்தேன். கூடையின் பாரம் அவர்கள் கைக்கு வருவதே இல்லை என்பதை மட்டும் ஒருநாளும் கவனித்ததில்லை. என் கண் தராசு முள்ளில் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை அந்த அம்மா தன்னுடைய பழைய கூடைக் கயிற்றைக் கொண்டுவந்தார். வருடக்கணக்காக அவர் தலையில் உராய்ந்து மெத்தென்று ஆகியிருந்தது. குழலுக்கு ஒரு சுருக்கு, கட்டைப் பக்கத்துக்கு ஒரு சுருக்கு என்று தன் கையால் முடிச்சுப் போட்டு உத்தரத்தில் கட்டினார். மரம் வழுக்காமலிருக்க, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினார். குழல் பக்கவாட்டில் திரும்ப முடியாதபடி டீமேக்கர் இரண்டு பக்கமும் கட்டை அடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். துப்பாக்கி என் கன்னத்துக்கு நேராகத் தானாக நின்றது. வலது கைக்கு விசையைத் தவிர வேறு வேலை இல்லை. அன்று ஒத்திகையில் இருபதில் ஒருமுறைகூட விரல் தவறவில்லை.

நாலாவது சனிக்கிழமை மழை, குளிர். அது போதும், என் விரல்கள் மரத்துப் போக. சூடான கிளாஸை ஐந்து நிமிடம் இரண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டுத் தொடங்கினேன். டீமேக்கர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏழு குண்டு ஒழுங்காகப் போயிற்று. எட்டாவதற்குக் காற்று ஏற்றி, சன்னமும் போட்டு, விரலை விசையில் வைத்தேன். வைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை. இன்னும் மூன்றுதானே, சுட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

கையை எடுத்துவிட்டேன். "வெரல்ல உணர்ச்சி இல்ல. நீங்க புடிங்க," என்றேன்.

குழல் தாளை விட்டுத் திரும்பாதபடி அவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து நிமிடம் போதவில்லை, ஒன்பது நிமிடம் ஆயிற்று. பிறகு மிச்சம் மூன்றையும் சுட்டேன்.

அறுபத்தெட்டுப் புள்ளி. டீமேக்கர் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "பத்தும் உள்ளதான் இருக்கு. ஆனா நான் பாத்தது அதை இல்ல. எட்டாவதுல கையை எடுத்தீங்க பாருங்க, எனக்கு அது போதும். அடுத்த வாரம் நேரத்துக்கு வாங்க."

தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தவர்கள் கொழுந்தெடுப்பவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. எனக்கும் அது வாயில் சுலபமாக வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கு முன்னால் அவர்கள் நின்றது போல, நான் தேத்தண்ணி மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். ஈரத்துக்குக் கழித்தது தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கய்யா," என்றார். "கயிறு இத்துப்போனா சொல்லுங்க. இன்னொண்ணு இருக்கு."

அதற்குப் பிறகு இருபத்து மூன்று சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. ஐந்தில் குளிர் அதிகம். விரலை நம்ப முடியாமல் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்த ஐந்து நாளும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, படிகளில் மெதுவாக இறங்கி வந்தேன். மீதிப் பதினெட்டு நாளும் சுட்டேன்.