ஜெனீவாவில் சொல்லாத பெயர்

காலை ஆறு பத்து. குன்னூர் மருத்துவமனை அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, மேசைமேல் மடித்து வைத்திருந்த அக்காவின் மூக்குக்கண்ணாடியை. முந்தின மாலை செவிலியர் கேட்டபோதும் அதைக் கழற்றித் தர அவர் சம்மதிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே செய்தி தெரிந்துவிட்டது. இன்றோடு ஓராண்டு ஆகிறது.

அக்கா பிறந்தது ஜெகதளாவில். அப்பாவுக்கு அருவங்காடு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா கோவையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். டியூஷன் எடுத்துத் தன் படிப்பை முடித்து, என்னையும் படிக்க வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னார். எது சரியான பதில் என்று எனக்கும் தெரியாது.

குன்னூரிலும் ஊட்டியிலும் வழக்கறிஞராக இருந்தார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் மூலமாகத்தான் ஒரு தன்னார்வ அமைப்பில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலை நம் குடும்பத்தில் பலருக்கு இன்றும் புரியவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மனித உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைகளை நம் அரசு ஏற்றிருக்கிறது. அப்படி ஏற்ற அரசுகள் அவ்வப்போது ஜெனீவாவில் ஒரு நிபுணர் குழுவின் முன் உட்கார்ந்து, சொன்னபடி நடந்தோமா என்று பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவுக்குத் தகவல் தருவதும், அதற்கு முன்னும் பின்னும் அரசு அதிகாரிகளைச் சந்தித்துப் பேசுவதும் அக்காவின் வேலை.

எங்கள் மாமாவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "ஏம்மா, ஜெனீவா வரைக்கும் போயிப் பேசறே. நம்ம ஊட்டுக்கு ஒரு தண்ணி லைன் வாங்க முடியலியே?" என்றார்.

"அது முனிசிபாலிட்டி வேலைங்க மாமா. அவங்க எந்த உடன்படிக்கையிலயும் கையெழுத்துப் போடலீங்க" என்றார் அக்கா.

தொண்ணூறுகளில் நடுவட்டத்திலிருந்து ஒரு அம்மா அவரைத் தேடி வந்தார். எங்கள் வீட்டில் அவரை நடுவட்டத்தம்மா என்போம். அவரும் கணவரும் இலங்கையில் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இருவரும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள். மனைவிக்கு முதலில் கிடைத்தது, வந்துவிட்டார். கணவரின் முறை வருவதற்குள் இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிவந்த கப்பல் நின்றுபோனது. இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு கணவர் படகில் வந்து சேர்ந்தார். படகில் வந்ததால் அகதி என்று பதிவாகி, மலைக்குக் கீழே ஒரு முகாமில் வைக்கப்பட்டார். மனைவியைப் பார்க்க அனுமதி வாங்கி வரலாம். சில நாட்களில் திரும்பி, பெயர் கூப்பிடும்போது முகாமில் இருக்க வேண்டும். அவர் நடுவட்டத்திலேயே தங்க வேண்டும் என்பது மட்டுமே அந்த அம்மாவின் கோரிக்கை.

குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பது உடன்படிக்கையில் உள்ளது. அக்கா அதைக் குழுவின் முன் கொண்டுபோனார். குழு கூடுவதற்கு முதல் நாள் ஜெனீவாவில் அவர் செய்த காரியம் உடன் வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. குழு என்ன கேட்கப்போகிறது என்பதை, பதில் சொல்ல வேண்டிய அரசு அதிகாரியிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். கேள்வித்தாளை எதிராளிக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று சக வழக்கறிஞர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"பதில் இல்லாத ஆளை அத்தனை பேர் முன்னால நிறுத்துனா அவருக்குக் கோபந்தானுங்க வரும். அவரு கோபத்தை வச்சு நாம என்ன பண்றது? நமக்கு ஆர்டர் வேணும்" என்று பதில் சொன்னதாக அக்கா என்னிடம் கூறியிருக்கிறார்.

அந்த அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் கணவன் மனைவியின் பெயர் வெளியே வந்தால் அது வழக்காகிவிடும், மேலிடம் தன் நிலையை மாற்றிக்கொள்ளாது. பெயர் இல்லாமல் பொதுவாகக் கேட்கட்டும், தன்னால் ஆனதைச் செய்கிறேன் என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. அக்கா ஒப்புக்கொண்டார். மறுநாள் கேள்வி பொதுவாகக் கேட்கப்பட்டது. இத்தகைய குடும்பங்களின் நிலையை அரசு பரிசீலிக்கும் என்று பதில் வந்தது.

ஊர் திரும்பியதும் அக்கா நடுவட்டத்துக்குப் போனார். அன்று எனக்கு விடுமுறை என்பதால் நானும் போனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. அந்த அம்மா தேநீர் ஊற்றிவிட்டுக் கேட்டார்.

"என் பேரச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"அவரு பேர?"

"அதையும் சொல்லலீங்க. சொல்லாம இருந்தாத்தான் நடக்கும்னாங்க."

"அப்ப யாருக்காக வக்கீலம்மா அம்புட்டுத் தூரம் போனீங்க? புருசனப் பிரிஞ்ச பொம்பள ஒருத்தி எங்கயோ இருக்கான்னு சொல்லவா? இங்க பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர அடைச்சு வச்சிருக்காங்க. அங்க போயி ஒரு தடவ நீங்க கூப்பிடக் கூடாதா?"

அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். அதன் பிறகு வெகு காலம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அதிகாரி வேறு பதவிக்கு மாறினார். அவர் இடத்துக்கு வந்தவர்களிடம் ஜெனீவாவில் அரசு சொன்ன அந்த ஒரு வரியை அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். டெல்லிக்குப் போனபோதெல்லாம் பழைய அதிகாரியையும் பார்த்தார். குரலை உயர்த்தியதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓர் உத்தரவு வந்தது: கணவர் நடுவட்டத்தில் மனைவியுடன் தங்கலாம். குடியுரிமை தரவில்லை.

அவரை அழைத்துக்கொண்டு அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். "ஆளு வந்துட்டாரு வக்கீலம்மா. பேருதான் இன்னும் வரல" என்றார். அக்கா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

கடைசி ஆண்டில் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு. நடக்க முடிந்தவரை நீதிமன்றம் போனார். மருத்துவமனையில் உடனிருந்து கவனித்த செவிலியர்களுக்கும், இரவுத் துணைக்கு முறை வைத்து வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், மழையில் சுடுகாடு வரை வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

அந்த அதிகாரியும் வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். இந்த நினைவு மலரில் தன் பெயர் வேண்டாம் என்றார்; தவிர்த்திருக்கிறோம். நடுவட்டத்தம்மாவும் கணவரும் அதிகாலைப் பேருந்தில் வந்து, எல்லாம் முடியும்வரை இருந்தார்கள். நினைவு மலர் போடப்போகிறோம் என்றதும் அந்த அம்மா, "இதுலயாவது போடுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அவர் பெயர் மாரியாயி. கணவர் பெயர் சடையன்.