வாசனையில்லாத வாயு

காலையில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. சமையலறை முழுக்க கேஸ் நாற்றம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மலையைப் பார்த்தபடி நின்றேன். இந்த நாற்றம் கேஸுக்குச் சொந்தமானதல்ல, தெரியுமோ? கசிந்தால் தெரியட்டும் என்று சேர்ப்பது. நான் வேலை பார்த்த மின்நிலையத்துக்குப் பூமிக்கடியிலிருந்து வந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

அது காவிரி டெல்டா பக்கம் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் நானும் ஃபரீதாவும் ஒரே ஷிப்ட். அவளும் என்னைப் போலத் திருவண்ணாமலைதான், தேரடி வீதியில் அவள் அப்பாவுக்கு இரும்புக் கடை. லீவுக்கு வந்தால், என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவள்தான் விளக்குவாள்.

"காத்தை இழுத்து அமுக்கி, அதுல வாயுவை எரிப்போம். சூடா சீறிக்கிட்டு வரும்ல, அது டர்பைனைச் சுத்தும். கூடவே ஜெனரேட்டரும் சுத்தி கரண்ட் வரும். மிச்ச சூட்டுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, ஆவியால இன்னொரு டர்பைன்." டர்பைனின் பலத்தில் பாதிக்குமேல் காற்றை அமுக்கவே போய்விடும் என்பதையும் விடமாட்டாள். "நம்ம பொழப்பு மாதிரிதான்."

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ எங்க தெருவுல ஏன் கரண்ட் நிக்க மாட்டேங்குது?" என்பார்கள்.

ஒரு கோடை மதியம், டர்பைன் கூண்டுக்குள் வாயு கசிவதாக அலாரம் அடித்தது. எங்களுக்கு மூக்கு என்றால் கசிவைக் காட்டும் அந்தக் கருவிதான். முன்பு பொய்யாகவும் அடித்திருக்கிறது. மின்சாரம் ஜாஸ்தி வேண்டும் என்று சென்னையிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். மேலதிகாரி உள்ளே வந்தார்.

"பழைய கருவிம்மா அது. அலாரத்தை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க."

"பக்கத்துல ஃபிட்டருங்க வேலை செய்றாங்க சார்."

"நான் சொல்றேன்ல."

ஃபரீதா டர்பைனை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நான் மைக்கில் ஃபிட்டர்களை விலகச் சொன்னேன். என் குரல் நடுங்கியதில் யாரோ செத்துவிட்டதாக நினைத்தார்களாம்.

டர்பைன் ஆறியபின் திறந்து பார்த்தால், குழாய் இணைப்பில் கேஸ்கெட் கிழிந்திருந்தது. அதிகாரியும் பார்த்தார். மறுவாரமே ஃபரீதாவை உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"போல்ட் நட்டு எங்க அப்பா கடையிலயே இருக்கு. அதுக்கு இவ்ளோ தூரம் எதுக்குடி?" என்று ராஜினாமா கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

நான் தங்கிவிட்டேன். தைரியமில்லை, வேறு வேலையும் இல்லை. கிணறுகளில் வாயு கம்மியாகிக்கொண்டே போனது. டர்பைன் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள் அதிகமாயின. ஒருநாள் அப்படியே நின்றுபோனது. நானும் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது அந்த மின்நிலையத்தில் எல்லாவற்றையும் பிரித்து விற்றுவிட்டார்களாம்.

போன வாரம் இரும்புக் கடைக்குப் போய் ஃபரீதாவிடம் இதைச் சொன்னேன்.

"ரவுண்ட்ஸ் போறப்போ அந்த டர்பைன் சத்தத்துல கையாலதானே பேசிப்போம்?" என்றாள்.

ஆமாம். டீ வேண்டுமா, தலை வலிக்கிறது, அந்த ஆள் வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை வைத்திருந்தோம். இருவரும் கையைத் தூக்கிப் பார்த்தோம். டீக்கானதைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.