கிடாரிக்குப் போட்ட டேப்

தை மாதம் எங்கள் கிடாரி முதல்முறை பருவத்துக்குக் கத்தியதுமே, சினை ஊசி போடுபவரை அம்மா போனில் கூப்பிட்டுவிட்டாள். வீட்டுக்குப் பால் கொடுத்துவந்த தாய்ப்பசு இனி சினை பிடிக்காது. அதன் இடத்துக்கு இருந்தது இந்த ஒன்றுதான்.

நான் குறுக்கே நின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்; அதைச் சொல்லிக்காட்டத் தயங்கியதே இல்லை. எடையைக் கணக்கிடத் தையல் டேப்பைக் கிடாரியின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன்.

"இன்னும் வளரணும்மா. இப்ப சினையானா கன்னு போடுறப்ப செத்துப்போயிடும்."

"ஏண்டி, அதுக்கு ஜாக்கெட்டா தைக்கப்போற?" என்றாள் அம்மா.

ஊசிக்காரர் சிரித்தார். ஆனாலும், "பாப்பா சொல்றது சரிதாங்க. நாலு மாசம் போவட்டும்" என்று வண்டியைத் திருப்பினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த பருவம் இருபத்தோராம் நாள் என்று தினக்காட்டியில் வட்டம் போட்டேன். அன்றைக்குக் கட்டிவைத்தால் போதும்.

சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊரில் எல்லா மாட்டையும் வயலில் அவிழ்த்துவிடுவார்கள். அறுத்த நெல்தாளை மேய்ந்துவிட்டுப் பொழுது சாய அவையே வீடு திரும்பும். இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று பத்தொன்பதாம் நாள் கிடாரியை நானே அவிழ்த்துவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். "ஒங்க கிடேரி கோயில் காளையோட சுத்துதுடி. படிச்ச புள்ள வீட்டு மாடு, மாப்பிள்ளைய அதுவே பாத்துக்கிச்சு!"

சினை பிடித்திருக்காது என்று சொல்லித் திரிந்தேன். கால்நடை மருத்துவரைக் கூப்பிட வெட்கம். மூன்று மாதம் கழித்து அவர் வந்து பார்த்தபோது சினை உறுதி. இனிக் கலைப்பது கிடாரிக்கே ஆபத்து என்றார். அதன்பிறகு வாரம் தவறாமல் டேப் பிடித்தேன். வரப்பு வரப்பாகப் புல் அறுத்தேன். வகுப்பில் இருந்தாலும் மனம் கொட்டிலில்தான் கிடந்தது.

கார்த்திகை மழையில் வலி எடுத்தது. வாய்க்கால் தண்ணீர் ரோட்டில் ஏறி, மருத்துவர் வண்டி அக்கரையில் நின்றுவிட்டது. கிடாரி படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. நானும் உட்காரவில்லை. அவர் நடந்து வந்து சேர்வதற்குள் கன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது. அத்தனை சின்னது. கிடாரிக்கன்று.

"நாட்டுக் காளை கன்னு, அதான் சுளுவா வந்துடுச்சு" என்றாள் அம்மா. "டேப்ப எடுத்துட்டு வா. இதுக்கும் அளவு பாக்கலாம்."

மாடுகளை அவிழ்த்துவிடும் அடுத்த அறுப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கொட்டிலில் ஆடிக்கொண்டிருந்த, கிடாரியைக் கட்டும் முளைக்குச்சியை இன்னும் ஆழமாக அடிக்கத் தொடங்கினேன்.