அஸீஸா ராத்தா கொடுக்காத வாக்கு

அஸீஸா ராத்தா வாயைத் திறந்தால் மருதமுனையின் மீன் விலை முதல் யார் வீட்டுக் கல்யாணத்தில் புரியாணி பத்தாமல் போனது என்பது வரை வந்து விழும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டக் கூப்பிடுவதும் அவரைத்தான். இறந்தவளின் உடம்பு அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அங்கே கண்டதைக் குளிப்பாட்டியவள் வெளியில் சொல்லக்கூடாது. இவ்வளவு பெரிய வாய்க்குள் அத்தனை ரகசியம் எப்படித்தான் அடங்குகிறதோ என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

மார்பில் வந்த கட்டியைப் புண்ணாகும்வரை துணியால் கட்டி மறைத்தே போய்ச்சேர்ந்த பெண்களை அவர் கண்டிருக்கிறார். பெயர் சொன்னதில்லை. அப்படியான நாளில் வீட்டுக்கு வந்தால் ஆத்திரத்தில் சோறு இறங்காதாம். பெரியநீலாவணையிலிருந்து வரும் மிட்வைஃப் கிருபாமலரைப் பிடித்துவைத்து, அந்த மார்புக்கட்டி வருத்தத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தார்.

போன வருடம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஜெனூபா வந்தாள். மகள் பாஹிமாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். சும்மா கதைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து போகும்போது வாசலில் நின்றாள்.

"நான் மௌத்தானா நீங்கதான் என்னக் குளிப்பாட்டணும் ராத்தா. வேற ஆரையும் உள்ளுக்கு உடப்படா."

வேறு யாராவது என்றால் நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பியிருப்பார்கள். ராத்தா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"எந்தப் பக்கம்?"

ஜெனூபா அழுதுவிட்டாள். இடப்பக்கம். நோவில்லை, ஆகவே ஒன்றுமிருக்காது என்று தானே தீர்ப்பும் சொல்லிவைத்திருந்தாள். நாவிதன்வெளியில் வெள்ளாமை வெட்டில் நின்ற புருஷன் நளீமுக்குக்கூடச் சொல்லவில்லை. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டால்? அந்தப் பயம்தான்.

நோகவில்லை என்பதற்காகக் கட்டியைச் சும்மா விடக்கூடாது, எல்லாக் கட்டியும் புற்றுநோயுமில்லை, பார்த்தால்தான் தெரியும் என்று கிருபாமலரிடம் கேட்டதையெல்லாம் ராத்தா சொல்லிப் பார்த்தார். கல்யாணம் முடியட்டும் என்றாள் ஜெனூபா. அப்போதுதான் ராத்தாவுக்குக் கோபம் வந்தது.

"மையித்துட ரகசியத்தத்தான் நான் மறைப்பன் புள்ள, உசிரோட இருக்கிறவட ரகசியத்த இல்ல. டொக்டருக்கிட்டக் காட்டாம மௌத்தானா, உன்னக் குளிப்பாட்ட நான் வரமாட்டன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து இதைவிடப் பெரிய சொல் சொல்ல முடியாது. மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரியில் நின்றார்கள்.

புற்றுநோய்தான். ஆனால் பரவியிருக்கவில்லை. ஒப்பரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், கொட்டிய முடி மறுபடி முளைத்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஜெனூபா தானே போய்ச் சொன்னாள். கல்யாணம் நிற்கவில்லை. சிகிச்சைக்குப் போன நாட்களில் வாகனம் ஓட்டியதே அந்த மாப்பிள்ளை றிபாஸ்தான்!

இதில் ஒரு சொல்லும் ராத்தா வாயிலிருந்து வந்ததல்ல. கல்யாண வீடு, மௌத்தானவர்களுக்குக் கத்தம் ஓதும் வீடு என்று போகுமிடமெல்லாம் ஜெனூபாவே சொல்கிறாள். கேட்டுவிட்டு எங்கள் தெருப் பெண்கள் பலர் கிளினிக்குக்குப் போய்விட்டார்கள், நானும்தான்.

போன மாதம் அவள் ராத்தாவிடம் பழையதைக் கிளறினாளாம். டொக்டரிடம் காட்டியாயிற்று, இனியாவது குளிப்பாட்ட வருவதாக வாக்குத் தரலாமே என்று. ராத்தா மீன் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டே மறுத்துவிட்டார்.

"நான் உனக்கு மூத்தவ. நீ இருந்துதான் என்னக் குளிப்பாட்டணும்."