பிடிக்காமல் விட்டவர்

கால் புண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நோயாளர் விடுதியின் கடைசிக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். குருநகர்க் கடற்றொழிலாளி. உடம்பு வற்றிப்போயும் தோள்கள் மட்டும் அகலமாக இருந்தன. அவருடைய வயிற்றுப் புண்ணில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இருப்பதாகவும், தனியறை இல்லாததால் ஒதுக்கிப் போட்டிருப்பதாகவும் தாதி சொன்னார். யாராவது கிட்டப் போனால் அவர் இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்.

ஒருநாள் கழிப்பறைக்குப் போன அப்பா அவருடைய கட்டிலருகே தடுமாறினார். அவர் சட்டென்று கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். அப்பா விழுந்துவிட்டார்.

"பிடிச்சிருக்கலாமே அண்ணை!" என்று கத்தினேன்.

"பிடிச்சிருப்பன் தம்பி." அவர் கைகளை மறுபடி போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். "என்ரை கிருமி கொப்பரின்ரை கால் புண்ணுக்குப் போனா, பிறகு அவரை ஆர் எழுப்பிறது?"

அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுந்தான். கால் புண்ணும் ஆறியது. பிறகு கிளினிக்குக்குப் போன நாளில் விடுதியை எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். பதிலுக்குப் பயந்து, தாதியிடம் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

அப்பா இப்போது தோட்டத்துக்குத் தனியாக நடந்து போகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் கத்தியதுதான் என் காதில் விழுகிறது.