முப்பத்தெட்டு வீட்டு அழைப்பு

நூர்பானுவிடம் எதையும் ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். முப்பத்தோரு வயதிலும் அப்படித்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றில் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. போன மாதம் ஏழாம் தேதி எந்தப் பெட்டியில் எந்த ரோல் கிழிந்திருந்தது என்று கேட்டால், அன்றைக்குச் சூப்பர்வைசர் திட்டிய வசவையும் சேர்த்து, அவர் குரலிலேயே சொல்லிவிடுவாள். அவர் இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதில்லை.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு நாலு வயது. ஆறு வயது வரை பேச்சே இல்லை. அம்மா ஹஃபீஸா வாரம் மூன்று நாள் பஸ் ஏறி, பேச்சுப் பயிற்சிக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனாள். பயிற்சியில் ஒரு எழுத்துகூட வரவில்லை. பெருநாள் அன்று சொந்தக்காரர்கள் வாசலில் நின்று சாவகாசமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் நூர்பானு வாயைத் திறந்தாள்.

"படியில நிக்காத, உள்ள ஏறு! உள்ள எம்புட்டு எடம் கெடக்கு!"

பஸ் கண்டக்டரின் அதே கரகரப்பு. வந்தவர்கள் பதறிப்போய், செருப்போடு உள்ளே ஏறினார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துப் பேசப் பழகும். நூர்பானு முழு வாக்கியத்தையும் தானாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக வெட்டப் பழகினாள். கீழே விழுந்தால், "வலிக்கா பாப்பா?" என்று அவளே கேட்பாள். ஊசி போட்ட நர்ஸ் கேட்டது அது. அதிலிருந்து 'வலிக்கு' என்பதைத் தனியே எடுக்க ஒரு வருஷம் ஆனது. இருபது வயதில் சொந்தப் பேச்சு நன்றாகவே வந்துவிட்டது. இரைச்சலும் பதற்றமும் சேர்ந்தால் மட்டும் வெட்டாத வாக்கியம், சொன்னவர் குரலோடு அப்படியே வெளியே விழும். அதனாலேயே விசேஷ வீடுகளில் அவளுக்கு எப்போதும் பின்கட்டு அறைதான். ஒரு ஃபேன், ஒரு தட்டு பிரியாணி, சாத்திய கதவு.

இப்போது தங்கை ஆலியாவுக்குக் கல்யாணம். அவர்கள் சொந்தத்தில் ஆண்கள் பத்திரிகை கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள். வராததைப் பற்றி இருபது வருஷம் பேசவும் செய்வார்கள். ஹஃபீஸாவோ பாத்ரூமில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். கல்யாணப் பெண் தன் கல்யாணத்தைத் தானே போய்ச் சொல்ல முடியாது.

"நான் சொல்லுதேன்" என்றாள் நூர்பானு.

தம்பி நவாஸ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "வாட்ஸ்அப்புல போட்ருவோம்மா. இவ எதையாவது ஒளறி வச்சா?"

"என் தங்கச்சி கல்யாணம். நான்தான் சொல்லுவேன்."

ஹஃபீஸா மகளையே பார்த்தாள். முப்பத்தெட்டு வீடு. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு தடவை பட்டியலைச் சொன்னாள். வலியில் அவள் மறந்தது ஒன்றுதான்: நூர்பானு பட்டியலோடு நிற்க மாட்டாள், கூடச் சொன்ன அத்தனையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

முதல் மூன்று வீடுகளில் குறையே இல்லை. "ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு ஆலியாவுக்கு நிக்காஹ். எல்லாரும் வந்து சிறப்பிக்கணும்." நவாஸுக்கே ஆச்சரியம்.

நாலாவது, அம்மாவின் அண்ணன் சேக் முகைதீன் வீடு. உள்ளே டிவி அலறியது, மிக்ஸி ஓடியது, குக்கர் விசிலடித்தது. மாமா கிரில் கதவைத் திறக்காமல் கைகட்டி நின்றார். நூர்பானுவுக்குக் காது இரண்டும் அடைத்தது. வாயில் அம்மா வந்துவிட்டாள்.

"நாலாவது, அண்ணன் வீடு. மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கிட்டு நிப்பாக. அவிய வீட்டுல ஒரு வாய் தண்ணி கெடைக்காது. மாமி டீத்தூள மூணு தடவ கொதிக்கவிடும். ஒம்பது வருசமாப் பேசலை, அம்புட்டு வீம்பு. அந்த மனுசன் பந்தல்ல நிக்கலேன்னா நான் எம்மக கல்யாணத்த எப்படிப் பாப்பேன்? நல்லபடியாக் கூப்பிட்டுட்டு வா. இதையெல்லாம் அங்க போய்ச் சொல்லித் தொலைக்காத, என்ன?"

மிக்ஸி நின்றது. நவாஸ் பைக்கைப் பார்த்தான். ஓடினால் எத்தனை நொடியில் எட்டலாம் என்கிற பார்வை. மாமி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"மூணு தடவையா? ரெண்டு தடவதான!"

"உள்ள போ நீ" என்றார் மாமா. மீசை துடித்தது, கோபமா வேறு ஏதுமா என்று தெரியவில்லை. "கடைசில என்ன சொன்னா எந்தங்கச்சி? திரும்பச் சொல்லு."

"ஒரு தடவதான் சொல்லுவேன்."

நவாஸ் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில் ஹஃபீஸா கத்தினாள். "பாவி மக்கா, அதையுமா சொன்னா? போதும், வீட்டுக்கு வாங்க. மிச்சத்துக்குப் போன்ல சொல்லிக்கிடுதேன்."

நூர்பானுவுக்குப் பின்கட்டு அறை ஞாபகம் வந்தது. சாத்திய கதவு கண்ணில் தெரிந்தது. "மிக்ஸியாலதான்" என்றாள். "எனக்கு மிக்ஸி ஆகாது. இன்னும் முப்பத்துநாலு வீடு இருக்கு. நான் சொல்லுவேன்."

மாமா கிரில் கதவைத் திறந்து, போனைப் பிடுங்கினார். "ஏ ஹஃபீஸா. நான்தான். பிள்ளைய நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

மாமி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கூடவே புதுத்தூள் போட்ட டீ. இரண்டையும் முழுசாகக் குடித்து முடிக்கும்வரை நூர்பானுவை விடவில்லை.

கார் கண்ணாடியை ஏற்றியதும் உலகம் அடங்கியது. நூர்பானு ஒவ்வொரு வீட்டு வாக்கியத்தையும் மனசுக்குள் எடுத்துப் போட்டாள். எங்கே அம்மா முடிகிறாள், எங்கே அழைப்பு தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டினாள். அடுத்த வாசலில் முதல் வேலையாகக் கையை உயர்த்தினாள்.

"டிவி, மிக்ஸி, மோட்டார் எல்லாத்தையும் அமத்துங்க. கல்யாணம் சொல்லணும்."

இது ஏதோ பெரிய வீட்டு முறை என்று நினைத்து எல்லாரும் ஓடி ஓடி அமத்தினார்கள். ஒரு வீட்டில் மெயினையே இறக்கிவிட்டார்கள். அந்த அமைதியில் அழைப்பு சுத்தமாக விழுந்தது.

சேக் முகைதீனுக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஒன்பது வருஷத்துச் சங்கதியும் தங்கச்சி குரலிலேயே மருமகளிடம் கேட்கலாம் என்றுதான் மனுஷன் டீசல் போட்டுக் கிளம்பியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஓரமாக நிறுத்தி, கால் கிலோ பால்கோவா வாங்கி மருமகள் மடியில் வைத்தார்.

"ஏட்டி, இப்ப போனமே, அந்தக் கோணவாய்க்காரி வீடு. அவளப் பத்தி உங்கம்மா என்ன சொன்னா? முழுசாச் சொல்லேன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லுவீய" என்று பின்சீட்டிலிருந்து சிரித்தான் நவாஸ்.

நூர்பானு பால்கோவாவைக் கடைசித் துணுக்கு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள். கர்ச்சீப்பில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அது அம்மா பேச்சு, மாமா. அம்மாகிட்டயே போய்க் கேளுங்க" என்றாள். "இப்ப வண்டிய எடுங்க. இன்னும் பதினோரு வீடு இருக்கு."